கண்டி மாநகரில் பெரியம்மையும் புனித யோசேப்பு வாஸ் அடிகளாரும்

பொன்விழா மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தர வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். இராயப்பர் பெயராலேயே இராயபுரம் என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆகவே மீனவரான புனித இராயப்பரைப் பற்றியோ, செவ்வாய்தோறும் நம் மக்கள் நாடிச் செல்லும் பதுவைப் புனிதர் அந்தோணியாரைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எழுதப் புகுந்தது கோவாவில் பிறந்து, தூத்துக்குடியில் தோணியேறி, இலங்கைத் தீவில் உயிர் நீத்த ஒரு குருவைப் பற்றி. இலங்கையிலிருந்து வந்து வட சென்னையில் குடியேறிய குடும்பங்கள் அவர் பெயரை அறிந்திருப்பார்கள். மற்றவர்களில் பலருக்கு அவர் புதியவராகவே இருப்பார்.

இவரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டை நம் பங்கு மக்கள் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மே மாதத்தில் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே இராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது. தெருவுக்குத் தெரு தகரம் அடித்து அடைத்தார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் இல்லை. மார்ச்சு மாதக் கடைசி முதல் செப்டம்பர் முதல் நாள் வரை ஆலயக் கதவுகள் மக்களுக்குத் திறக்கப்படவில்லை. நாம் அப்போது இதே கடற்கரையில் வேறொரு பங்கின் பொறுப்பில் இருந்தோம். ஒரு நாள் மாலை ஒரு மகன் தொலைபேசியில் அழைத்தார். தம் தாய் மூச்சுவிடத் தவிக்கிறார், நோயில் பூசுதல் கொடுக்க வர முடியுமா என்று கேட்டார். தெரு அடைக்கப்பட்டிருந்தது. விதிகள் இருந்தன. நமக்கும் இரத்தக் கொதிப்பு இருந்தது. தொலைபேசியிலேயே செபம் சொல்லி ஆசீர்வதித்தோம். மூன்றாம் நாள் அந்தத் தாய் இறந்தார். அடக்கத்துக்கு வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் நீல உறை அணிந்து சென்று, குழியருகே நின்று பரலோக மந்திரம் சொல்லித் திரும்பினார்கள். நாம் செய்தது விதிப்படி சரியென்றே எல்லாரும் கூறினர். ஆயினும் அந்த இரவில்தான், குருமட நாட்களில் படித்து மறந்திருந்த வாஸ் அடிகளார் நம் நினைவுக்கு வந்தார்.

யோசேப்பு வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் பெனாலிம் என்னும் சிற்றூரில் தம் தாயின் இல்லத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாம் வாஸ் சாங்கோவாலே ஊரினர். தாய் மரியா தெ மிராந்தா. கொங்கணி பேசிய கத்தோலிக்கக் குடும்பம். கோவா நகரில் சேசு சபையாரின் கல்லூரியிலும், பின்னர் தொமினிக்கன் சபையாரின் கல்விக்கூடத்திலும் பயின்று 1676-இல் குருப்பட்டம் பெற்றார். குருவானதும் காலணியைத் துறந்து வெறுங்காலோடு நடக்கலானார். அடுத்த ஆண்டு தம்மைத் தேவ அன்னையின் அடிமையாக எழுதிக் கொடுத்து அதில் கையொப்பமிட்டார். அந்த ஏட்டின் வாசகம் இன்றும் இருக்கிறது.

அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. 1656-இல் கொழும்பும் 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரும் துரத்தப்பட்டனர். குருவுக்கு இடம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை என்று ஆணையும் பிறந்தது. முப்பது ஆண்டுக் காலம் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. பாட்டிமார் சொல்லிக் கொடுத்த செபங்களைக் கொண்டே மக்கள் விசுவாசத்தைக் காத்து வந்தனர். இச்செய்தி கேட்ட நாள் முதல் வாஸ் அடிகளாருக்கு இலங்கையே ஏக்கமாயிற்று. மேலிடத்தார் அவரை அங்கே அனுப்பாமல் 1681-இல் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். மங்களூர், குந்தாப்பூர், கங்கொள்ளி பகுதிகளில் மூன்று ஆண்டு உழைத்தார். அங்கே இரு திருச்சபை அதிகாரங்களுக்கு இடையே நடந்த வழக்குகளை நாம் இங்கே விரிக்கவில்லை. அவ்வழக்குகளில் அவர் பட்ட பாடு பெரிது.

1684-இல் கோவாவுக்குத் திரும்பியவர், அங்கே ஒரு சிலுவைக் கோயிலை அடுத்து ஒன்றாக வாழத் தொடங்கியிருந்த சில கோவா குருக்களோடு சேர்ந்துகொண்டார். 1685-இல் அவர்கள் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி ஓரட்டோரியன் சபையாக அமைந்தனர். இந்திய மண்ணின் குருக்களே கூடித் தமக்கென அமைத்துக்கொண்ட முதல் துறவுச் சபை இதுதான் என்பர். அடிகளார் அதன் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார்.

இந்தச் சபையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிலிப்பு நேரியார் உரோமையில் தொடங்கிய ஓரட்டரியில், மற்றத் துறவுச் சபைகளைப் போல வார்த்தைப்பாடுகள் இல்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே மேசையில் உண்டு, செபித்து, அண்ணன் தம்பிகளாக வாழ்வதே அதன் கட்டு. போக நினைப்பவர் போகலாம். யாரும் தடுப்பதில்லை. பின்னால் கண்டியில் நடந்ததைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே நின்றவர்கள் வார்த்தைப்பாட்டின் பொருட்டு நிற்கவில்லை.

1686-இல் தலைமைப் பொறுப்பைத் துறந்துவிட்டு, ஒரு கூலிக்காரனின் வேடத்தில், யோவான் என்னும் உண்மையுள்ள ஊழியரோடு அடிகளார் புறப்பட்டார். மலையாளக் கரை வழியாய்த் தூத்துக்குடி வந்தார்கள். தூத்துக்குடியும் அன்று டச்சுக்காரர் வசமே. 1687-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டித் தோணியேறினர். நம் பங்கில் கடல் தெரிந்தவர்களுக்கு அந்த நீரிணையின் குணம் சொல்ல வேண்டியதில்லை. புயலில் அலைக்கழிந்து, மன்னாரில் ஒதுங்கி, குடிநீரும் உணவும் அற்று, ஒருவாறு யாழ்ப்பாணம் சேர்ந்தனர். சேர்ந்ததும் அடிகளார் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். தெருவோரம் கிடந்த அந்நியப் பிச்சைக்காரனுக்கு யாரோ இரக்கமுள்ள பெண்மணி கஞ்சி கொடுத்துக் காத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தக் கஞ்சி பத்தாண்டுக்குப் பின் எத்தனை பேருக்குத் திரும்பிப் போயிற்று என்பதை மேலே காண்போம்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் எவரோ, அவ்வீடு கத்தோலிக்க வீடென்று குறித்துக்கொண்டார். தமிழ் கற்றார். சில்லாலை ஊர் அவரை மறைத்து வைத்துக் காத்தது. இரவில் பூசை, பகலில் பதுங்கல் என்று ஆண்டுகள் சென்றன. பிறகு டச்சுக்காரரின் தேடல் கடுமையாகவே புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். 1692-இல் கண்டியை அடைந்தபோது, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், இவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சொல்லிவிட்டார். கத்தோலிக்கக் குருக்களை வெறுத்த சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர் அவர். அடிகளாருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு காவல். காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். முற்றத்தில் ஒரு சிறு கொட்டகை போட்டு அதில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். வேவு பார்க்க வந்தவன் செய்கிற காரியங்களா இவை என்று மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியருக்கே ஐயம் வந்திருக்க வேண்டும். காவல் தளர்ந்தது.

வறட்சிக் காலத்தில் அடிகளார் செபித்து மழை பெய்த அற்புதத்தை அவருடைய படங்களில் விரும்பித் தீட்டுகிறார்கள். அது நல்லதே. ஆனால் நமக்கு அதைவிடப் பெரிதாய்ப் படுவது அதற்குப் பின் நடந்த, மேகமும் மின்னலும் இல்லாத ஒரு காரியம்.

ஏறக்குறைய பத்து ஆண்டு இலங்கை முழுமைக்கும் அவர் ஒருவரே குரு. கோவாவிலிருந்து சபைச் சகோதரர்கள் வருவார்களா என்று கடலை நோக்கிக் காத்திருந்தார். ஒருவழியாய் யோசேப்பு தெ மெனேசஸ் அடிகளாரும், வாஸ் அடிகளாரின் உடன்பிறந்தார் வயிற்றுப் பிள்ளையான யோசேப்பு கர்வாலியோ அடிகளாரும் வந்து சேர்ந்தனர். மெனேசஸ் அடிகளார் வேறு பகுதிகளுக்குப் போக, கர்வாலியோ அடிகளார் பெரியவரோடு கண்டியில் தங்கினார். அவ்வேளையில், 1697-இல், கண்டி மாநகரில் பெரியம்மை கண்டது.

பெரியம்மை என்ற பெயரே நம் பிள்ளைகளுக்கு இன்று கதையாகிவிட்டது. 1975-க்குப் பின் இந்தியாவில் அது காணப்படவில்லை. 1980-இல் உலகிலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முதியோருக்கு மட்டும் நினைவிருக்கும். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்தப் பக்கம் போகமாட்டோம். வைசூரி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சுவோம். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்றால் அழுகைதான். தடுப்பூசி போட்டிருந்த காலத்திலேயே இப்படியென்றால், ஜென்னர் 1796-இல் அதைக் கண்டுபிடிப்பதற்கு நூறு ஆண்டு முன்பு எப்படி இருந்திருக்கும்! கண்டவரில் பத்தில் மூன்று பேர் மடிவார்கள். உடலெங்கும் கொப்புளம் வெடித்துச் சீழ் வடியும். நாற்றம் தாங்காது. பிழைத்தவரில் சிலருக்குக் கண் போகும். மூச்சாலும் சீழாலும் படுத்திருந்த துணியாலும் அது பரவும். ஆகவே மக்கள் ஓடியதில் வியப்பில்லை. அவர்களைக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை.

கண்டியில் மன்னரும் பரிவாரமும் நகரை விட்டு அகன்றனர். வசதியுள்ளோர் வேறு ஊர்களுக்குப் போயினர். அம்மை கண்டவர்களைக் காட்டோரம் கொண்டுபோய் விடுவது வழக்கமாயிற்று. பெற்றோர் பிள்ளையை விட்டனர், பிள்ளைகள் பெற்றோரை விட்டனர். அங்கே நோயால் இறந்தவரைவிடத் தாகத்தாலும் பசியாலும் இறந்தவர் அதிகமோ என்று நினைக்கும்படி இருந்தது. காய்ச்சலில் எரிகிறவனுக்கு ஒரு கலயம் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இல்லாவிட்டால், பிழைக்கக் கூடியவனும் பிழைக்கமாட்டான்.

பெரியவரும் அவர் மருமகனும் நகரை விட்டுப் போகவில்லை. போகச் சொல்லி வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். நியாயமான காரணமும் இருந்தது. தீவு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள். அவர்களில் இருவர் இறந்துவிட்டால், பத்து ஆண்டு கட்டியெழுப்பியது என்னாகும்? 2020-இல் நாமும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் போட்டோம். நாம் படுத்துவிட்டால் பங்கை யார் பார்ப்பது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அது பொய்க் கணக்கு என்று இன்றும் நாம் சொல்லமாட்டோம். வாஸ் அடிகளார் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்பதை வரலாறு சொல்லவில்லை. அவர் நின்றார் என்பதை மட்டும் சொல்கிறது.

முதலில் காட்டோரம் கிடந்தவர்களைத் தேடிப் போனார்கள். தழை, ஓலை கொண்டு அவர்களுக்குக் குடிசைகள் போட்டுக் கொடுத்தார்கள். நகரில் ஆளின்றிக் கிடந்த வீடுகளைத் திறந்து நோயாளிகளைச் சேர்த்து அவற்றை மருத்துவமனை ஆக்கினார்கள். அரிசிக் கஞ்சி காய்ச்சி நாள்தோறும் எடுத்துச் சென்று, கையெடுக்க முடியாதவர்களுக்கு வாயில் ஊட்டினார்கள். புண்ணைக் கழுவினார்கள், சீழ் பட்ட துணியைத் துவைத்தார்கள், மலசலம் அப்புறப்படுத்தினார்கள். கோவாவின் நல்ல குடும்பத்தில் பிறந்து, இலத்தீனும் தத்துவ சாஸ்திரமும் கற்ற இருவர், அந்நாளில் எந்தச் சாதியாரும் தொடத் தயங்கிய வேலையைச் செய்தார்கள். இன்னார் கத்தோலிக்கர், இன்னார் பௌத்தர் என்று குடிசை பிரிக்கவில்லை. ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். கேளாதவர்களுக்கும் கஞ்சி அதே கஞ்சிதான்.

இறந்தவர்களைச் சுமந்து சென்று புதைத்ததும் அவர்களே. பிணங்கள் தெருவில் கிடந்து நாய் நரிக்கு இரையாகிக் கொண்டிருந்த நேரம் அது. அடக்கம் செய்வது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று, உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் மருத்துவமும் ஆயிற்று. 2020 ஏப்ரலில் நம் சென்னையிலேயே, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து நோய் தொற்றி இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்ததை நாம் செய்தித்தாளில் படித்தோம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர், பயந்தவர்கள். கண்டியிலும் அதே பயம். அந்தப் பயத்தின் நடுவே பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடந்தார்கள்.

இது ஒரு வாரம், இரண்டு வாரம் நடந்த காரியம் அன்று. பல மாதங்கள் நீடித்தது. வீரச் செயல் ஒரு நாளில் முடிந்துவிடும். நாற்பதாம் நாள் காலையிலும் எழுந்து அதே கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு வேறொன்று வேண்டும். இரண்டு பேராய் இருந்ததால் அது முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இருப்பார். இரவில் திரும்பி வந்து ஒன்றாக உட்கார்ந்து செபம் சொல்ல ஓர் ஆள் இருப்பார். பிலிப்பு நேரியார் விரும்பிய வீடு கண்டியின் அம்மைக் குடிசைகளுக்கு நடுவே அந்த மாதங்களில் இருந்தது. கர்வாலியோ அடிகளாரின் பெயர் பீடங்களில் ஏறவில்லை. அவருக்குத் திருநாளும் இல்லை. எனவே இம்மலரிலாவது அவர் பெயர் அவருடைய பெரியவரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகட்டும்.

கொள்ளைநோய் தணிந்து மன்னர் திரும்பினார். விமலதர்மசூரியர் பௌத்த நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர். தம் நாட்டில் துறவியர் மரபு தளர்ந்ததைக் கண்டு அராக்கான் தேசத்திலிருந்து பௌத்தத் துறவிகளை வரவழைத்தவர். அவர் கத்தோலிக்கராகவில்லை. ஆயினும் இந்தக் குருக்கள் இல்லாவிட்டால் தம் தலைநகரின் தெருக்கள் பிணக்காடாகியிருக்கும் என்று உணர்ந்து வெளிப்படையாகவே நன்றி பாராட்டினார் என்று, ஓரட்டோரியன் சபைக் குருவான செபஸ்தியான் தோ ரேகோ எழுதி 1745-இல் லிஸ்பனில் அச்சான வரலாறு கூறுகிறது. அதற்குப் பின் கண்டி இராச்சியத்தில் அடிகளார் தடையின்றி நடமாடினார். டச்சுக்காரர் என்னும் கிறிஸ்தவர்கள் துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னர் ஒருவர் அடைக்கலம் தந்தார் என்பதை நம் மறைக்கல்வி மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பின்வந்த ஆண்டுகளைச் சுருங்கச் சொல்வோம். கோவாவிலிருந்து மேலும் சகோதரர்கள் வந்தனர். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் இயற்றினார். ஆயர் பொறுப்பு தேடி வந்தபோது வாஸ் அடிகளார் அதை ஏற்கவில்லை. காட்டு வழிகளில் வெறுங்காலோடு நடந்து நடந்து உடல் தேய்ந்தது. 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில், கண்டியில் சகோதரர்கள் சூழ இறைவனடி சேர்ந்தார். ஒரு குருவும் இல்லாதிருந்த தீவில், அவர் இறக்கும்போது ஏறக்குறைய 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்று சபையாரின் ஏடுகள் கணக்குச் சொல்கின்றன. 1835-இல் போர்த்துக்கல் அரசின் ஆணையால் கோவா ஓரட்டரியே மூடப்பட்டது. அதுவரை அந்த ஒரு வீட்டிலிருந்துதான் இலங்கைக்குக் குருக்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

1995 சனவரி 21-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு வழக்கமாகத் தேவைப்படும் இரண்டாவது அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்கவில்லை. 2015 சனவரி 14-இல் கொழும்பு காலிமுகத் திடலில், கடற்காற்று வீச, அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அம்மைக் குடிசைகளே போதும் என்று கருதினார் போலும் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. இது நம் எண்ணமே தவிர உரோமையின் விளக்கம் அன்று.

அவர் எலும்புகளை வைத்துப் பீடம் கட்ட வழியில்லை. அவரைக் கண்டியில்தான் அடக்கம் செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்டியிலிருந்து குருக்கள் வெளியேற்றப்பட்டு ஆலயமும் அழிந்தபின், கல்லறை இருந்த இடமே தெரியாமற் போயிற்று. அவரால் புதைக்கப்பட்ட அம்மை நோயாளிகளின் குழிகளைப் போலவே அவருடைய குழியும் அடையாளமற்றுக் கிடக்கிறது.

அவருடைய திருநாள் சனவரி 16. நம் ஊரில் அது பொங்கலை அடுத்து வரும் விடுமுறைக் காலம். பாதிப் பங்கு கடற்கரையில் இருக்கும், மீதிப் பாதி உறவினர் வீட்டில் இருக்கும். சென்ற ஆண்டு அன்று காலைத் திருப்பலிக்குப் பதினொரு பேர் வந்திருந்தனர். அவர்களில் இருவர் வின்சென்ட் தே பவுல் சபையார். பூசை முடிந்ததும் அவர்கள் காப்பிக்குக்கூட நிற்கவில்லை. படுத்த படுக்கையாய் இருக்கும் ஒருவருக்கு வாரா வாரம் குளிப்பாட்டிவிடும் முறை அன்று தங்களுடையது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.